கழற்ற வேண்டிய பத்து லைன்கள்

காலை ஆறு ஐம்பதுக்கு அம்பிட்டியச் சந்தியில் நான் முதலில் கண்டது, ஒரு ஜீப்பின் ஜன்னலுக்கு வெளியே இரண்டு முழம் நீட்டிக்கொண்டிருந்த பிளாஸ்டிக் குழாயை. கூரையிலிருந்து மழைத்தண்ணீர் இறங்குவதற்குப் போடுகிற சாதாரண சாம்பல் நிறக் குழாய். இரண்டு முனையிலும் பொலித்தீன் சுற்றி இறப்பர் பட்டி போட்டிருந்தார்கள். கண்டி நகரத்துக்கும் சுற்றுப்புறத்துக்கும் இனி வரப்போகிற மின்சாரம் முழுவதும் அதற்குள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது.

நான் வேலை பார்த்த பத்திரிகை அந்த வருடம் கண்டிப் பக்கத்தை நிறுத்தியிருந்தது. பக்கம் போனதும் அதன் நிருபரும் போனார். மின் விநியோகத்தை நவீனமாக்கத் திட்டம் போடும் ஒரு கந்தோருக்கு, அதாவது அலுவலகத்துக்கு, மூன்று மொழியும் தெரிந்த ஒருவர் தேவை என்று கேள்விப்பட்டுச் சேர்ந்தேன். கந்தோர் என்பது அம்பிட்டியவில் வாடகைக்கு எடுத்த ஒரு மாடி வீடு. மாலை ஆறரைக்குப் பிறகு அந்தக் கந்தோரிலேயே குழல் விளக்கு பற்றாது. இரண்டு தரம் கண்ணைச் சிமிட்டிவிட்டு நின்றுவிடும். பிறகு மெழுகுதிரி வைத்துக்கொண்டு நவீனமாக்குவோம்.

கண்டி முழுவதும் அப்போது அப்படித்தான் இருந்தது. இருட்டினால் பல்பு எரிவது தெரியும், வெளிச்சம் தெரியாது. எப்போதோ பத்து வீட்டுக்குப் போட்ட கம்பியில் இப்போது ஒரு மலைச்சரிவே தொங்கியது. எந்தக் கம்பி எங்கே போகிறது என்று காட்டும் பழைய படங்கள் கந்தோரில் இருந்தன. அவற்றை நம்பிப் போனால் தூண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பேக்கரி இருக்கும். ஆகவே ஊர் ஊராகப் போய்ப் பார்த்து, கேட்டு, புதிய வரைபடம் போட வேண்டும். குழாய்க்குள் இருந்தது அந்த வரைபடம்தான். நல்ல லைனுக்குப் பச்சை. திருத்தினால் போதும் என்பதற்கு மஞ்சள். கழற்றிவிட்டுப் புதிதாகப் போட வேண்டியதற்குச் சிவப்பு. ஒன்றுமே இல்லாத இடம் வெள்ளை. வெள்ளை இடங்களுக்கு இந்தத் திட்டத்தில் ஒன்றும் கிடையாது. அவை அடுத்த திட்டத்தில் வரும். அடுத்த திட்டம் எப்போது என்று கேட்பது அந்தக் கந்தோரில் மரியாதைக் குறைவாகக் கருதப்பட்டது.

ஜீப்பின் முன்னிருக்கையில் பொறியியலாளர் உட்கார்ந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். 'கிட்டத்தட்ட' என்ற சொல்லை அவர் வாயில் நான் கேட்டதில்லை. பொய் சொல்ல மாட்டார், சுகமில்லை என்று லீவு எடுக்கக்கூட. உலகத்தில் அவர் பயந்தது புல்லிலிருந்து காலில் ஏறும் அட்டைகளுக்கு மட்டும். மலைப்பக்கம் போகிற நாளில் காலுறைக்கு மேல் சவர்க்காரம் பூசி வருவார். மழையில் நனைந்தால் முழங்காலுக்குக் கீழே நுரைக்கும்.

ஓட்டியவர் கட்டுகஸ்தோட்டைக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோல நாங்கள் எல்லோரும் அவரை நானா என்று கூப்பிட்டோம். பேராதனையில் சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் குழாயைத் தட்டிப் பார்த்து இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார். பொறியியலாளர் வாய் திறப்பதற்குள் நானா, "கண்டிக்குக் கரண்ட், சேர்" என்றார். சிப்பாய் பொலித்தீனைக் கழற்றி ஒரு கண்ணை வைத்துப் பார்த்தார். "உள்ளே ஒன்றும் தெரியவில்லையே" என்றார். "எங்கட வீட்டிலயும் அப்படித்தான்" என்றார் நானா. போகச் சொல்லிவிட்டார்கள்.

அன்று போக வேண்டியது புசல்லாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். கம்பளை தாண்டியதும் பொறியியலாளர் என் பக்கம் திரும்பினார்.

"நீர் இண்டைக்கு ஆறுதலா இரும். சிங்கள ஊரெண்டா நீர் வேணும், எனக்குக் கந்தோர்ச் சிங்களம் மட்டும்தான் வரும். தமிழருக்கும் தமிழருக்கும் நடுவிலை மொழிபெயர்ப்பு ஏன்?"

நான் குறிப்புப் புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்தேன்.

தோட்டத்தின் தேயிலை ஃபெக்டரி வாசலில் இறங்கியபோது எதிரில் நிற்பவரின் தொப்பி தெரிந்தது, முகம் தெரியவில்லை. அவ்வளவு பனிமூட்டம். தொப்பிக்குரியவர் தோட்டத் தலைவர். அதாவது தொழிற்சங்கத்துக்கு அந்தத் தோட்டத்தில் தெரிவுசெய்யப்பட்டவர். பக்கத்தில் பிள்ளைக்காம்பரா ஆயா நின்றார். தாய்மார் கொழுந்து பறிக்கப் போனபிறகு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவருடையது. கரண்ட் கந்தோர் ஆட்கள் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, குழந்தைகளை இன்னொருத்தியிடம் விட்டுவிட்டு வந்திருந்தார்.

மேலே போகிற பாதையில் புல் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. பொறியியலாளர் புல்லைப் பார்த்தார், தன் காலுறையைப் பார்த்தார். தலைவரிடம் இங்கேயே கேட்டுக்கொள்ளலாம் என்றார். எனக்கு வேலை இல்லை என்பதால், ஆயா, "வாங்கய்யா, ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்" என்று கூப்பிட்டபோது அவர் பின்னால் ஏறினேன்.

ஆகவே அடுத்து நடந்த உரையாடலை நான் கேட்கவில்லை. குடை பிடித்துக்கொண்டு நடுவில் நின்ற நானா பிறகு எனக்கு இரண்டு குரலிலும் நடித்துக் காட்டினார். பொறியியலாளரும் தலைவரும் தனித்தனியே சொன்னது அதனுடன் ஒரு சொல் பிசகாமல் பொருந்தியது. மூன்று சாட்சிகள் ஒரே மாதிரிச் சொல்வதை என் பத்திரிகைக் காலத்தில் நான் கண்டதில்லை.

பொறியியலாளர்: "இஞ்சை எத்தினை லைன் இருக்கு?"

"பத்து லயனுங்க ஐயா. கீழ ஆறு, மேல நாலு."

மலைநாட்டில் லயன் என்றால் தொழிலாளர் குடியிருக்கும் நீள வரிசை வீடு. ஒரே கூரை, வரிசையாகக் காம்பரா எனப்படும் ஒற்றை அறைகள். மலையில் பிறந்த குழந்தை இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ பேசும் சொல் அது. மின்சாரக்காரருக்கு லைன் என்றால் கம்பி. பொறியியலாளருக்கு வேறு லைன் தெரியாது. 'லயன்' என்பது தோட்டத்து உச்சரிப்பு என்று எடுத்துக்கொண்டார்.

"எப்ப போட்டது?"

"எங்கப்பா பொறக்கறதுக்கு முந்தியே வெள்ளக்காரன் போட்டதுங்க."

"பிறகு மாத்தவே இல்லையோ?"

"எங்கங்க மாத்துறாங்க. அங்கங்க ஒட்டுப் போட்டு ஓட்டுறாங்க."

"ஒரு லைனிலை எத்தினை வீடு?"

"பன்னெண்டுங்க. ரெண்டு மட்டும் எரட்ட லயனு. அதுல இருவத்தி நாலு."

முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டியதைத்தான் இரட்டை லயன் என்பார்கள். கண்டி நகரத்திலேயே இரட்டை லைன் அபூர்வம் என்பதால் பொறியியலாளர் திகைத்தாராம்.

"இரட்டை லைனோ? இந்தக் காட்டுக்கையோ?"

"ஆமாங்க. அதுலதான் சனம் தாங்க முடியல."

"மழைக்கு எப்பிடி?"

"பத்தும் ஒழுகுதுங்க."

"பத்துமோ?" மின்கசிவு என்பது அவர் தொழிலில் விளையாட்டான விசயம் அல்ல. "உயிர்ச்சேதம் ஏதும்?"

"போன மழைக்கு ஒரு லயன் ஓரமா சரிஞ்சு விழுந்திருச்சுங்க. ரெண்டு ஆடு அந்த எடத்துலயே போச்சு."

பொறியியலாளர் பேனாவை மூடினார். "இதுகளைத் திருத்தி வேலையில்லை. பத்தையும் கழட்டிப்போட்டுப் புதுசு போடவேணும்."

தலைவர் தொப்பியைக் கழற்றினார். "பத்தையுமாங்க ஐயா?"

"பத்தையும்தான். ஒண்டை விட்டாலும் ஆபத்து."

"எங்க ஆளுக எத்தன வருசமா கேக்கறோம். யாருமே காதுல போட்டுக்கல. நீங்க வந்து நின்ன எடத்துலயே முடிவு சொல்லிட்டீங்க."

தலைவரின் கண் கலங்கியதை நானா பார்த்திருக்கிறார். வோல்டேஜுக்காக ஒரு மனிதர் அழுவதை அவர் முன்பு கண்டதில்லை. "எனக்கு ஒரு மாதிரித்தான் ஈந்திச்சு" என்று பிறகு சொன்னார். "ஆனா இஞ்சினியர் கேக்கிறாரு, தலைவர் மறுமொழி செல்றாரு. குடை புடிக்க வந்தவன் நடுவுல என்னத்த செல்ற?"

அதே நேரம் நான் மேலே, ஆயாவின் காம்பராவில், குளிர்சாதனப் பெட்டி ஒன்றின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். வெள்ளைப் பிரிட்ஜ். அதன் தலையில் பின்னல் துணி விரித்து, பிளாஸ்டிக் பூச்சாடி வைத்திருந்தது. தேத்தண்ணி கொடுத்தபிறகு ஆயா அதன் கதவைத் திறந்தார். தட்டுத் தட்டாகச் சேலைகள். முட்டை வைக்கிற குழிகளில் நூற்கண்டுகள். கீழே மரக்கறி வைக்கிற இழுப்பறையில் அடையாள அட்டை, கலியாணப் படம், பனடோல்.

"எலி வராதுங்க" என்றார். "அலுமாரியவிட நல்லது. கதவு இறுக்கமா சாத்திக்கிது."

மகள் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்தாள். முதல் லீவில் வரும்போது வாங்கிக்கொண்டு வந்தது இந்தப் பிரிட்ஜ். அந்த வருடமே லயனுக்குக் கரண்ட் வரும் என்று தேர்தல் மேடையில் யாரோ சொல்லியிருந்தார்கள். மகள் திரும்பிப் போய்விட்டாள், கரண்ட் வரவில்லை. ஒவ்வொரு முறை தொலைபேசியிலும், வாங்கியது வீணாகிவிட்டதா என்று அவள் கேட்பாள். ஒரு நாள் ஆயா தாங்க முடியாமல், கரண்ட் வந்துவிட்டது, பிரிட்ஜ் ஓடுகிறது என்று சொல்லிவிட்டார்.

"தீவாளிக்கு மக வருதுங்க. வந்து கதவத் தொறந்தா நான் என்னா பதிலு சொல்றது? ஐயாமாருதான் பாத்து ஏதாச்சும் செய்யணும்."

நான் மின்சாரக்காரன் இல்லை என்று சொன்னேன். "ஜீப்புல வந்தீங்களே" என்றார்.

இறங்கி வரும் வழியில் ஜீப்பில் இதைப் பொறியியலாளரிடம் சொன்னேன். மேலே கரண்ட் இருப்பதாகத் தெரியவில்லை, பிரிட்ஜுக்குள் சேலை இருக்கிறது என்றேன்.

அவர் ஆச்சரியப்படவில்லை. "லோ வோல்டேஜ்" என்றார். "அந்த வோல்டேஜுக்கு பிரிட்ஜ் ஓடாது. கொம்பிரசர் எரிஞ்சுபோம். மனுசி விளங்கிப்போட்டுத்தான் நிப்பாட்டி வைச்சிருக்கு. எங்கடை திட்டமே அதுக்குத்தானே."

அந்த விளக்கம் எனக்கு முழுத் திருப்தி தந்தது. கரண்ட் வரவில்லை என்று ஆயா சொன்னதையும், போதிய கரண்ட் வரவில்லை என்றுதான் எடுத்துக்கொண்டேன். என் வீட்டிலும் நாங்கள் பிரிட்ஜை மாலையில் நிறுத்தித்தான் வைப்போம்.

வரைபடத்தில் அந்தத் தோட்டம் பத்துச் சிவப்புக் கோடுகளுடன் ஏறியது, அவற்றில் இரண்டு இரட்டைக் கோடு. கண்டியைச் சுற்றி அவ்வளவு நெருக்கமான சிவப்பு வேறெங்கும் இல்லை. பிரதம பொறியியலாளர் அதன்மேல் விரலை வைத்து, ஆடு செத்த கதையையும் கேட்டு, இதை முதலில் செய்யுங்கள் என்றார். திட்டத்தில் சிவப்புக் கோட்டுக்கு ஒரு விதி உண்டு. பழையதைக் கழற்றியாயிற்று என்று அறிவித்தவுடன், புதியதற்குரிய தூணும் கம்பியும் களஞ்சியத்திலிருந்து தாமாகவே வெளியே வரும். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

கழற்றும் நாளைத் தீர்மானித்ததும் பொறியியலாளர் தோட்டத்துக் கந்தோருக்குத் தொலைபேசி எடுத்துத் தலைவரைக் கூப்பிடச் சொன்னார். என் மேசைக்குப் பக்கத்தில் நின்றுதான் பேசினார். "செவ்வாய்க்கிழமை காலமை லைன் கழட்ட வாறம். சனத்தை லைனிலை நிக்க வேண்டாமெண்டு சொல்லுங்கோ. ஓம், பிள்ளையளையும். ஆடு மாடு எல்லாத்தையும் தள்ளிக் கட்டச் சொல்லுங்கோ." மறுமுனையில் ஏதோ கேட்டார்கள். "இல்லை, பின்னேரத்துக்கை எல்லாம் முடிஞ்சிடும்" என்றார்.

பாதுகாப்பு விசயத்தில் அவர் எவ்வளவு கவனம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை வெயில் அடித்தது. முன்னால் எங்கள் ஜீப்பும் பின்னால் லொறியும் போயின. லொறியில் வேலையை மேற்பார்க்கும் ஓவசியரும், கம்பி வெட்டும் கத்திரிகளும் ஏணிகளும் கொண்ட எட்டுப் பேரும் இருந்தார்கள். ஓவசியர் சிங்களவர், கட்டுகஸ்தோட்டைப் பக்கத்தில் பழைய லைன்களை அப்போதுதான் கழற்றி முடித்து வந்தவர்.

ஃபெக்டரியைத் தாண்டி வளைவில் திரும்பியதும் நானா பிரேக்கை மிதித்தார்.

ரோட்டில் வீடுகள் இருந்தன. கூரையும் சுவரும் இல்லாமல், மற்றதெல்லாம். கட்டில்கள், கதிரைகள், அம்மி, சாமி படங்கள், கோழிக்கூடு, தொட்டிலோடு குழந்தை, ஒரு தையல் மெஷின். தேயிலை ஓரமாக ஆடுகள் வரிசையாகக் கட்டப்பட்டிருந்தன. பெண்கள் நல்ல சேலை உடுத்தியிருந்தார்கள். ஃபெக்டரிச் சுவரோரம் கல் மூட்டி, மூன்று பெரிய பானையில் எல்லோருக்கும் சேர்த்துச் சோறு கொதித்தது. ஆயாவின் பிரிட்ஜ் நடு ரோட்டில், பூச்சாடியோடு நின்றது.

தலைவர் மாலையோடு வந்தார். செவ்வந்தி மாலை. பொறியியலாளர் கழுத்தை நீட்டவும் தெரியாமல் தவிர்க்கவும் தெரியாமல் நின்றார். மாலை ஒரு காதில் தொங்கியது.

"ஏன் இவ்வளவு சாமான் வெளியிலை?"

"நீங்கதானுங்களே சொன்னீங்க. எல்லாத்தையும் எடுத்துட்டோம் ஐயா. நீங்க கழட்டலாம்."

ஓவசியர் நாலு பக்கமும் பார்த்துவிட்டுப் பொறியியலாளரிடம் சிங்களத்தில் கேட்டார்: "மாத்தயா, லைன் எங்கே?"

பொறியியலாளர் அதைத் தலைவரிடம் கேட்டார். "லைன் எங்கை?"

"இந்தா நிக்கிதே. ஒங்களுக்குப் பின்னால."

பொறியியலாளர் திரும்பினார். வெயிலில் எல்லாம் துலக்கமாகத் தெரிந்தது. தகரக் கூரை, பன்னிரண்டு கதவு, கதவுகளுக்கு மேல் அடுப்புப் புகை படிந்த பன்னிரண்டு கறுப்பு. அதற்கு மேல் இன்னொன்று. அதற்கு மேல் இன்னொன்று. ஒரு தூண் இல்லை. ஒரு கம்பி இல்லை. ஒரு காகம் கூரை முகட்டில் உட்கார்ந்திருந்தது, வேறு உட்கார இடம் இல்லாததால்.

அவர் மாலையைக் காதிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். நானா என் காதருகே வந்தார். "தமிழருக்கும் தமிழருக்கும் நடுவுல மொழிபெயர்ப்பு தேவல்ல."

பத்து நிமிடத்தில் விசயம் ரோடு முழுவதும் பரவியது. புது வீடு இல்லை, இவர்கள் கம்பிக்காரர்கள். நான் கூச்சல் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது வேறு. ஒரு பெண் சிரிக்கத் தொடங்கினாள்; அது பானையடி வரைக்கும் போனது.

"தலைவரே, சீமெந்து லொறி பின்னால வருதா?"

"எலக்சன்ல நின்னப்பவே சொன்னாரு, நம்மள ரோட்டுக்குக் கொண்டாந்து விடுவேன்னு. சொன்னத செஞ்சிட்டாரு."

"ஆட்டக் கூட குளிப்பாட்டி வச்சேனே பாவி."

தலைவர் தொப்பியை வைத்துக்கொண்டு, எடுத்துக்கொண்டு, மறுபடி வைத்துக்கொண்டார். "ஐயா லைன்னு சொன்னாரு. நான் லயன்னு சொன்னேன். கரண்டு குடுக்கவே வீட்டப் புதுசாக் கட்டுறாங்கன்னு நெனச்சேன். இதுல எவன் செஞ்ச தப்பு?" என்று பொதுவாகக் கேட்டார். 

ஆயா பிரிட்ஜின் வயரைக் கையில் சுற்றிப் பிடித்தபடி பொறியியலாளரிடம் வந்தார். மற்றவர்கள் சொன்னது அவருக்கு இன்னும் எட்டவில்லை.

"புது வீட்டுல பிளக் எந்தப் பக்கங்க வைப்பீங்க?"

அது பொறியியலாளருக்குப் பதில் தெரிந்த கேள்வி. "வாசலுக்கு வலப்பக்கம். நிலத்திலை இருந்து நாலு அடி" என்றார். சொன்னபிறகு தான் என்ன சொன்னார் என்று அவருக்கே உறைத்தது. ஆயா அதற்குள் மகளைப் பற்றி, தீபாவளியைப் பற்றி, தொலைபேசியில் சொன்ன பொய்யைப் பற்றி எல்லாம் சொல்லிவிட்டார்.

பொறியியலாளர் என்னைத் தனியே கூப்பிட்டார். வரைபடத்தைத் திருத்துவது தன் கடமை என்றார். திருத்தினால் பத்துச் சிவப்புக் கோடும் போய், அந்த இடம் வெள்ளையாகும். வெள்ளையானால் அடுத்த திட்டம். லயனுக்குப் புதிதாகக் கரண்ட் கொடுப்பதென்றால் தோட்டத்தை நடத்தும் கம்பனி சம்மதிக்க வேண்டும், பிறகு ஓர் அமைச்சு, பிறகு அந்த அமைச்சைச் சம்மதிக்க வைக்க இன்னோர் அமைச்சு. திருத்தாவிட்டால், பழைய லைனை மாற்றும் வேலையாக இந்த வருடமே தூண் வரும்.

"அப்ப திருத்தாதீங்கோவன்" என்றேன். எனக்கு அவர் தமிழ் தொற்றியிருந்தது.

"பெரியவர் கேட்டா? இல்லாத லைனைக் கழட்டினதெண்டு நான் எப்பிடிச் சொல்லுறது?"

இதற்கிடையில் ஓவசியருக்கு வேறு கவலை. கழற்றிய கம்பியைக் களஞ்சியத்தில் ஒப்படைக்க வேண்டும். பத்து லைன் கம்பி எங்கே என்று கேட்பார்கள். நானா உடனே வழி சொன்னார்: "களவு போனதெண்டு செல்லுங்க. ஒருத்தரும் மறுபடி கேக்க மாட்டாங்க."

தலைவர் அதுவரைக்கும் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டிருந்தார். இதைப் பொறுக்கவில்லை. "அது மட்டும் வேணாங்க. வீடு இல்லன்னா பரவால்ல. கரண்டு இல்லன்னாலும் பரவால்ல. தோட்டத்து ஆளு கம்பி திருடுனான்னு எழுதுவாங்க. அந்தப் பேரு எங்களுக்கு வேணாம்."

நானா தலைவரின் தோளில் கையை வைத்தார். "நான் செல்லல்ல தலைவரே. உட்டுடுங்க."

ஓவசியருக்கு நான் அதைச் சிங்களத்தில் சொன்னேன். அன்று நான் செய்த ஒரே மொழிபெயர்ப்பு. அவர் கொஞ்சம் யோசித்தார். கட்டுகஸ்தோட்டையில் படத்தில் இல்லாத லைன்கள் நிறைய இருந்தன. அங்கே கழன்ற கம்பி, இருக்க வேண்டியதைவிட அதிகம். அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியாமல் லொறிக் கொட்டகையில் போட்டு வைத்திருக்கிறார்கள். "அங்கே படத்தில் இல்லாத லைன் கழன்றிருக்கிறது, இங்கே படத்தில் இருக்கிற லைன் கழலவில்லை" என்றார். "அந்தக் கம்பியை இந்தக் கணக்கில் சேர்க்கிறேன். எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை."

மீதி இருந்தது தொலைபேசி. தோட்டத்துக் கந்தோரில் பொறியியலாளர் ரிசீவரை எடுத்தபோது வெளியே ஜன்னலோரம் நாற்பது பேராவது நின்றார்கள். ஆயா முன்வரிசையில், வயரைச் சுற்றிய கையோடு. பிரதம பொறியியலாளரான பெரியவரின் குரல் உரத்த குரல்; இரண்டு பக்கமும் எங்களுக்குக் கேட்டது. பேச்சு சிங்களத்தில்.

"பத்து லைனும் முடிந்ததா?"

பொறியியலாளர் கண்ணை மூடிக்கொண்டார். "சேர், இங்கே இப்போது ஒரு லைன்கூட இல்லை."

"ஒன்றுகூட?"

"ஒரு துண்டுக் கம்பிகூட இல்லை, சேர். நானே பார்த்தேன்."

"யாருக்கும் காயம்?"

"இல்லை, சேர்."

"சனங்கள் ஒத்துழைத்தார்களா?"

"வீட்டைக் காலிபண்ணிக் கொடுத்தார்கள், சேர்."

"நல்லது" என்றார் பெரியவர். "அடுத்த வாரம் தூண் அனுப்புகிறேன்."

பொறியியலாளர் ரிசீவரை வைத்தார். ஒரு பொய்யும் சொல்லவில்லைத்தானே என்று என்னைக் கேட்டார். நான் ஒவ்வொரு வாக்கியமாகத் திரும்பச் சொல்லி, இல்லை என்றேன். நானா அவருக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுத்தார். "சேர் லோயருக்குப் படிச்சிருந்தா இந்நேரம் சொந்தக் கார்ல போவீங்க."

ரோட்டில் சமைத்த சோற்றை எல்லோரும் ரோட்டிலேயே சாப்பிட்டோம். கம்பி வெட்ட வந்த எட்டுப் பேருக்கும் வெட்ட ஒன்றும் இல்லாததால், மாலை வரை கட்டிலும் அம்மியும் தூக்கி வீடுகளுக்குள் திரும்ப வைத்துக் கொடுத்தார்கள். பிரிட்ஜை நால்வர் சேர்ந்து ஏற்றினார்கள். புல்லுப் பாதையில் பொறியியலாளரும் ஒரு மூலையைப் பிடித்தார். மூன்று அட்டை கடித்தது. அவர் கவனித்தது கம்பளைக்கு வந்த பிறகுதான்.

தூண்கள் சொன்னபடி வந்தன. லயன் ஆண்களே தோளில் சுமந்து ஏற்றி நட்டார்கள். கம்பி வரவில்லை, கப்பலில் இருக்கிறது என்றார்கள். தீபாவளி வந்தது, மகளும் வந்தாள். அந்த வருடம் மழை பொய்த்து நீர்த்தேக்கங்கள் வற்றியதால் நாடு முழுவதும் மின்வெட்டு. ஆயா வாசலுக்கு வலப்பக்கம் ஒரு பிளக்கும், கூரையில் ஒரு பல்பும் பொருத்தி வைத்திருந்தார். வயர் வெளியே போய் ஓர் ஆணியில் முடிந்தது. சேலைகளை ஒரு சாக்கில் கட்டிப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டு, பிரிட்ஜுக்குள், மலை ஊற்றிலிருந்து பிடித்த பீலித் தண்ணீர்ப் போத்தல்களை அடுக்கினார். மகள் சுவிட்சைத் தட்டியபோது, "கரண்டு கட்டும்மா. நாடு பூராவும் கட்டு" என்றார். லயன் முழுவதும் அதையே சொன்னது. புசல்லாவைப் பீலித் தண்ணீர் பிரிட்ஜில் வைக்காமலே பல்லைக் கூசச் செய்யும். மகள் ஒரு கிளாஸ் குடித்துவிட்டு, நல்லா குளிர்ந்திருக்கு என்றாளாம்.

இவ்வளவும் ஆயா எனக்குச் சொன்னது. மகள் போன அன்று மாலை பிரிட்ஜைத் திறந்தபோது போத்தல்கள் இல்லை. பக்கத்து வீட்டில் வைத்த சேலைகள் திரும்பி வந்திருந்தன, ஒவ்வொன்றும் மடித்து, நிறம் பார்த்து அடுக்கப்பட்டு. "மக ஒண்ணும் கேக்கல. நானும் ஒண்ணும் சொல்லல."

கரண்ட் வந்தது மாசி மாதத்தில், ஒரு புதன்கிழமை மத்தியானம். நான் பஸ்ஸில் போயிருந்தேன். ஆயா சேலைகளை எடுத்துக் கதிரையில் வைத்துவிட்டு பிளக்கைச் செருகினார். பிரிட்ஜ் ஒரு தரம் உலுக்கிவிட்டு ஓடத் தொடங்கியது. மகள் அப்போது குவைத்தில் இருந்தாள்.